மேடையிலிருந்து 'இல்லைங்கய்யா' சொல்லும் பயிற்சி

நான் வேலை பார்த்த வேளாண் பயிற்சி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள், போன வாரம் பழனிசெட்டிபட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது பாதிக் கூட்டங்கள் கைபேசியிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. கேள்விகள் எழுத்தில் வருகின்றன. பேசுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பதிலை எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் அடுத்த மாதம் தேனியில் ஒரு மண்டபத்தில் நேரடிக் கருத்தரங்கு வைத்திருக்கிறார்கள். பேசப் போகிறவர்களில் பலருக்கு அதுதான் முதல் மேடை.

"பேச்ச எல்லாரும் தயார் பண்ணிட்டாக அக்கா. கேள்வி நேரம்னு சொன்னாத்தேன் முகம் வெளுத்துப் போகுது. நீங்க இருந்தப்ப என்ன செஞ்சீக? எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் வேறொன்றுதான் முதலில் வருகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என் மகள் பவித்ரா அப்படி ஒரு மேடையில் நின்றாள். அதை விட்டுவிட்டு எழுத முடியவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பயிற்சி எங்கே உதவியது, எங்கே போதவில்லை என்பது அதில்தான் தெரியும்.

நான் தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்தவள். தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்தபோது என்னை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிகழ்ச்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். நாற்காலி எண்ணுவது, பொன்னாடை வாங்கி வருவது, டீ சொல்வது என்று சில வருடங்கள் ஓடின. பிறகு தெரசா மேடம் திட்ட அலுவலராக வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வந்த முதல் கூட்டத்திலேயே என் கையில் மைக்கைக் கொடுத்து, "கேள்வி கேட்கிறவங்ககிட்ட நீதான் கொண்டு போகணும். ஆனா கையில குடுக்கக் கூடாது. நீயே பிடிச்சுக்கிட்டு நில்லு" என்றார்.

ஏன் என்று அன்றைக்கே புரிந்தது. அதற்கு முந்தைய கூட்டத்தில் மைக்கை வாங்கிய ஒருவர் தன் தோட்டத்துக் கிணற்றின் வரலாற்றைச் சாப்பாடு ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மைக் என் கையில் இருந்தால், கேள்வி முடிந்ததும் மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம். இப்படித்தான் என் வேலை அமைந்தது. கேள்வி கேட்பவரின் தோளோடு தோளாக நிற்பேன். எதிரே மேடையில் பேசுகிறவர் முகம் நேராகத் தெரியும். கேள்வி காதில் விழும்போது ஒரு முகம் என்னவெல்லாம் செய்யும் என்பதை என் அளவுக்குப் பார்த்தவர்கள் குறைவு.

அப்படிப் பார்த்ததில் ஒன்று செந்திலுடைய முகம். எங்கள் மையத்தின் இளம் களப்பணியாளர். வாழை பற்றி முதல்முறையாகப் பேசினார். பேச்சு நன்றாகவே போனது. கேள்வி நேரத்தில் மார்க்கையன்கோட்டைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். வெள்ளை வேட்டி, நரைத்த மீசை, கும்பிட்டபடியே கேட்டார்.

"தம்பி நல்லாப் பேசுனீக. அப்ப வாடல் வந்த கொல்லைக்குத் தண்ணிய நிப்பாட்டிட்டா நோய் நின்னுரும். அப்படித்தான?"

செந்தில் அப்படிச் சொல்லவே இல்லை. ஈரம் தேங்கக் கூடாது என்றுதான் சொன்னார். ஆனால் பெரியவர் பேசத் தொடங்கியதிலிருந்தே செந்தில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக. நம் பக்கத்தில் பெரியவர்கள் பேசும்போது எல்லாரும் அப்படித்தான் ஆட்டுவோம். பெரியவர் கேட்டு முடித்தபோது தலை கீழே போயிருந்தது. வாயும் அதோடு சேர்ந்து "ஆமாங்கய்யா" என்றது. கூட்டம் கை தட்டியது.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெரியவர் மையத்துக்கு வந்தார். சண்டை போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வராந்தாவில் நின்று, "கொல்லை முழுக்கக் காஞ்சு போச்சும்மா. நான் கேட்டேன், தம்பி ஆமான்னு சொன்னாக. அதேன் நிப்பாட்டுனேன். வேற ஏதும் செஞ்சிருக்கணுமா?" என்றார்.

தெரசா மேடம் அவரோடு வண்டியிலேறிக் கொல்லைக்குப் போனார், செந்திலையும் அழைத்துக்கொண்டு. திரும்பி வந்தபின் அறையில் வைத்துச் செந்திலைக் கேட்டார். நானும் இருந்தேன்.

"அவர் கேட்டது தப்புன்னு உனக்குத் தெரிஞ்சதா, தெரியலையா?"

"தெரிஞ்சது மேடம்."

"பயமா இருந்ததா?"

"பயமெல்லாம் இல்ல மேடம். அவுக எங்க தாத்தா வயசு. அத்தன பேரு முன்னாடி, மேடையில நின்னுக்கிட்டு, அவுகளப் பாத்து எப்பிடி இல்லன்னு சொல்றது?"

மேடம் சேலைத் தலைப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார். அதுவரை நாங்கள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததெல்லாம் பயத்துக்கான மருந்து. தண்ணீர் குடி, மூச்சை இழுத்து விடு, கடைசி வரிசையைப் பார். செந்திலுக்கு அந்த நோயே இல்லை. அவரிடம் இருந்தது மரியாதை.

மறுநாளிலிருந்து பயிற்சி மாறியது. மேடம் எங்கள் ஓட்டுநர் மொக்கைச்சாமி அண்ணனை அழைத்து, "நீங்கதான் கூட்டம். தப்புத் தப்பாக் கேளுங்க" என்றார். அண்ணனுக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை கிடையாது. துண்டைத் தோளில் போட்டால் மிராசு. தலையில் கட்டினால் கொத்தனாராகவும் வருவார், ஏலக்காய் வியாபாரியாகவும் வருவார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சின்னமனூருங்கய்யா."

"சின்னமனூர்ல யாரு மகன்?"

"தலைப்புக்கு வாங்க அண்ணே" என்பார் மேடம்.

"இருங்க மேடம். யாரு மகன்னு தெரியாம எப்பிடிக் கேள்வி கேக்குறது? நம்ம ஆளுக மொதல்ல இதத்தேன் கேப்பாக." பிறகு செந்திலைப் பார்த்து, மீசையைத் தடவி, "ஆக மொத்தத்துல, வாழைக்கு உரமே வேண்டாம்கிறீக. அப்படித்தான?"

செந்தில் தலை கீழே போகும்.

"ஆட்டிட்ட! ஏலே, ஆட்டிட்ட! போச்சு, என் கொல்லை போச்சு" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். செந்தில் உட்பட எல்லாரும் சிரிப்போம்.

மேடம் சிரித்துக்கொண்டே மறுபடியும் நிற்க வைப்பார். அவர் கேட்டது மூன்றே காரியங்கள். கேள்வி முடியும்வரை தலை அசையக் கூடாது. கண்ணை எடுக்காமல் பார்த்தாலே மரியாதைதான். அடுத்து, கேட்டதை நம் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும்: "ஐயா கேக்குறது இதுதானங்கய்யா?" பாதிப்பேர் அந்த இடத்திலேயே தங்கள் கேள்வியைத் திருத்திக்கொள்வார்கள். மூன்றாவது, தவறு என்றால் "இல்லைங்கய்யா" முதலில் வர வேண்டும், காரணம் அதற்குப் பின்னால். நாம் எல்லாரும் காரணத்தை முதலில் சொல்லி, சுற்றி வளைத்து, 'இல்லை'யைக் கடைசியில் பூப்போல வைப்போம். அதற்குள் கேட்டவர் பாதி பதிலோடு உட்கார்ந்திருப்பார். தனக்குச் சாதகமான பாதி.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொள்ளச் சொல்வார். நாங்கள் உண்மையிலேயே கூப்பிட்டுப் பதில் சொல்வோம். அந்த வேலையும் என்னுடையதுதான். "இந்த ஒரு சோலிக்காக மெனக்கெட்டு போன் போட்டீகளா?" என்று ஆச்சரியப்பட்டவர்கள் அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் வந்தார்கள்.

மேடம் யாரிடமும் "பயப்படாதே" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கூட்டத்தன்று காலையில் பேசுகிறவரிடம் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பார். பிறகு மண்டபத்தின் பின்சுவரோரம் போய் நின்றுகொள்வார். சைகை காட்டமாட்டார், தலையாட்டமாட்டார். செந்திலின் அடுத்த கூட்டத்திலும் அப்படித்தான் நின்றார். அன்று ஒருவர் "அப்ப இத அடிச்சா அறுவடை ரெண்டு மடங்கு, அப்படித்தான தம்பி?" என்று எழுந்தபோது, செந்தில் கழுத்து விறைக்க நின்று, "இல்லைங்கய்யா" என்றார். கேட்டவர் கோபப்படவில்லை. "அப்ப எவ்வளவு வரும்? உள்ளதச் சொல்லுங்க" என்று கேட்டு நின்றபடியே முழுப் பதிலையும் கேட்டார். அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. பயந்தது எல்லாம் நாங்கள்தான். கேட்கிறவர்கள் 'இல்லை'யைத் தாங்கக் கூடியவர்கள்.

அப்படிப் பல வருடங்கள் எத்தனையோ பேரை அந்த மூன்று காரியங்களோடு மேடையேற்றினோம். மேடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். எனக்கு முதுகுவலி முற்றி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இதெல்லாம் கைவந்த வேலை என்றுதான் நினைத்திருந்தேன், பவித்ரா வந்து, "அம்மா, திராட்சை விவசாயிக கூட்டத்துல என்னையப் பேசச் சொல்லிட்டாக" என்று சொல்லும்வரை.

அவள் வேளாண்மை படித்தவள். ஒரு உழவர் நிறுவனத்தில் களப்பணி. தலைப்பு, மருந்து அடித்தபின் பழம் வெட்டுவதற்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது. நம் பள்ளத்தாக்கில் அதைவிடச் சங்கடமான தலைப்பு கிடையாது. மழை மிரட்டும்போதும் விலை ஏறும்போதும் யாருக்கும் பொறுக்க மனம் வராது. அவசரப்பட்டு வெட்டினால் மருந்து பழத்தோடு தின்கிறவர் வயிற்றுக்குப் போகும். அந்த மேடையில் ஒரு தவறான 'ஆமா' விழுந்தால், மறுநாள் காலையில் அது கூடை கூடையாகச் சந்தைக்குப் போய்விடும்.

நான் பயிற்சி கொடுக்கிறேன் என்றேன். "நீ மீசக்காரரு மாதிரி கேட்டா எனக்குச் சிரிப்புத்தேன் வருது, போம்மா" என்றாள். மொக்கைச்சாமி அண்ணனைக் கூப்பிட்டேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். மொபட்டில் வந்து இறங்கி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார். பவித்ரா ஒவ்வொன்றுக்கும், "ஆமா மாமா" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரும்பக் கேட்டார். "ஆமா மா… ஐயோ."

அண்ணன் காப்பியைக் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார். "புள்ளைய ரொம்ப நல்லா வளத்துட்ட தங்கச்சி. அதேன் பிரச்சன."

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கூட்டத்தன்று நானும் என் கணவரும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். கேள்வி கேட்பவர்களுக்கான மைக் வேறொரு பெண்ணின் கையில். முன்வரிசையில் என் கணவரின் அண்ணன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ராயப்பன்பட்டிப் பக்கம் பெரிய திராட்சைப் பந்தல் அவருடையது. அவர் வெட்டினால் அந்தப் பக்கம் எல்லாரும் வெட்டுவார்கள். பவித்ராவைத் தோளில் தூக்கிச் சுமந்தவர். அவர் எதிரே அவள் உட்கார்ந்துகூடப் பேசமாட்டாள்.

"உங்க அண்ணன்கிட்டப் போயி, எதுவும் கேக்காதீகன்னு சொல்லுங்க" என்றேன் கணவரிடம்.

"கிறுக்கா உனக்கு? கூட்டத்துக்கு வந்த மனுசன வாயத் தொறக்காதீகன்னு சொல்லவா?"

பவித்ரா தெளிவாகப் பேசினாள். கேள்வி நேரம் வந்தது. யாரும் எழவில்லை. எல்லாரும் என் கணவரின் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். அந்த வாரம் மழை எல்லாப் பந்தலிலும் நோயைக் கிளப்பியிருந்தது. எல்லாரும் மருந்து அடித்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"ஏத்தா பவித்ரா. நல்லாச் சொன்ன. பெரியப்பாவுக்கு ஒரே சந்தேகந்தேன். நான் நேத்து மருந்து அடிச்சேன். நாளைக்கு வியாபாரி வண்டி வருது. மேகமும் கூடிருச்சு. அடிச்ச மருந்து மழையில கழுவிரும், அதனால நாளைக்கு வெட்டுனா ஒண்ணும் ஆகாது. அப்படித்தானத்தா?"

என் மகளின் தலை கீழே இறங்கியது. நான் பார்த்தேன். எத்தனையோ முகங்களில் பார்த்த அதே இறக்கம். எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. என் கணவரின் கையை எந்த அளவுக்கு அழுத்தினேன் என்றால், வளையல் பதிந்த தடம் அவர் மணிக்கட்டில் மறுநாளும் இருந்தது.

தலை பாதியில் நின்றது.

"பெரியப்பா கேக்குறது… நேத்து மருந்து அடிச்ச பழத்த நாளைக்கு வெட்டலாமான்னு. அதுதான பெரியப்பா?"

"அதேன் ஆத்தா."

பிறகு அவள் செய்தது எங்கள் பயிற்சியில் இல்லாதது. பேசுகிறவர் மேடையை விட்டு இறங்கக் கூடாது என்றே நாங்கள் சொல்லி வைப்போம். அவள் படியில் இறங்கினாள். கையிலிருந்த மைக் வீரிட்டது. நேராக வந்து அவர் பக்கத்தில், அவர் தோளுக்குக் கீழே நின்று, நிமிர்ந்து பார்த்தாள். உயரத்தில் நின்றுகொண்டு அவரிடம் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை என்று பிறகு சொன்னாள்.

"இல்ல பெரியப்பா. வெட்டக் கூடாது."

அவர் துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டார்.

"மழ கழுவிருமேத்தா?"

"தோல் மேல இருக்கதுதேன் போகும் பெரியப்பா. பழத்துக்குள்ள எறங்குனது போகாது. மருந்து டப்பாவுல போட்டிருக்க நாளு முடியணும்."

"வண்டி வருதே?"

"வேண்டாம்னு சொல்லிருங்க பெரியப்பா."

பின்னால் யாரோ, "போச்சு, வியாபாரி போன எடுக்கவே மாட்டான் இனிமே" என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

வீடு வந்ததும் என் கணவர் கடையைத் திறக்கப் போய்விட்டார். பவித்ரா வந்ததும் படுத்து, சாயங்காலம்வரை அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். நான்தான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். ஒரு கூட்டத்தில் சொன்ன ஒரு வார்த்தையால் இரண்டு வீட்டுப் போக்குவரத்தும் அறுந்துபோகும் என்று தோன்றியது. அதைவிட மோசமான இன்னொரு பயமும் இருந்தது. அவர் வீம்புக்கு நாளைக்கே வெட்டிவிட்டால்?

தெரசா மேடத்தைக் கூப்பிட்டு நடந்ததைக் கொட்டினேன். முழுக்கக் கேட்டார்.

"இல்லைன்னு முதல்ல சொன்னாளா, காரணத்த முதல்ல சொன்னாளா?"

"இல்லன்னுதான் மேடம் மொதல்ல."

"அப்ப சரி. நீ சாப்பிட்டியா?"

மறுநாள் வண்டி வந்து காலியாகத் திரும்பியது என்று என் கணவரின் கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். பக்கத்துப் பந்தல்காரர்களும் வெட்டவில்லை. அதற்கு அடுத்த நாள் மழை கொட்டியது. பந்தலின் மேற்கு ஓரத்தில் பழம் வெடித்துவிட்டதாகப் பவித்ராவின் பெரியம்மா போனில் சொன்னார். பவித்ராவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரியப்பாவிடமிருந்தும் எதுவும் வரவில்லை. பவித்ரா மட்டும் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள். ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் காலண்டர் முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள்.

பிறகு ஒரு காலையில், அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் சீப்பு தலையிலேயே நின்றது. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏத்தா, பெரியப்பா பேசுறேன். டப்பாவுல போட்டிருந்த நாளு நேத்தோட முடிஞ்சு போச்சு. நானும் எண்ணிட்டேன், உங்க பெரியம்மாவும் எண்ணிட்டா. இங்கன நம்ம பந்தல்காரங்க எல்லாரும் நிக்கிறாக. நீ சொன்னாத்தேன் கத்திரியத் தொடுவோம்கிறாக. வெட்டலாமா?"

நான் ஆமான்னு சொல்லுடி என்று கையால் சைகை காட்டினேன். இத்தனை வருட வேலையும் அந்த நேரத்தில் எங்கே போனதோ. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"இடையில வேற மருந்து எதுவும் அடிச்சீகளா பெரியப்பா?"

"இல்லத்தா. ஓம்மேல சத்தியமா."

"மத்தவுக?"

அங்கே ஏதோ பேச்சு கேட்டது. "ஒருத்தன் மட்டும் முந்தாநாள் அடிச்சிருக்கானாம். முழிக்கிறான்."

"அவுக வெட்ட வேண்டாம் பெரியப்பா. நீங்களும் மத்தவுகளும் வெட்டுங்க."

"ஏலே, நீ இரு. மத்தவுக வெட்டுங்கப்பா!" போனை வாயிலிருந்து எடுக்காமலே அவர் கத்தியதில் எங்கள் இருவருக்கும் காது அடைத்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு கூடை குடுத்து விடுறேன். மொதக் கொத்த உங்க அம்மாவத் திங்கச் சொல்லு. அன்னைக்கு நீ எறங்கி வந்தப்ப திரும்பிப் பாத்தேன். பேயறஞ்ச மாதிரி உக்காந்திருந்தா."

சாயங்காலம் கூடை வந்தது. பவித்ரா ஒரு கொத்தை எடுத்துக் கழுவி என் முன்னால் வைத்தாள். அவள் சொன்ன நாள் முடிந்த பழம். நான் முதல் பழத்தை வாயில் போட்டேன்.